கன் மேஸ்திரி

சேலம் நகரின் கிழக்கு விளிம்பில், உளுந்தூர்பேட்டைச் சாலையில் அமைந்த அயோத்தியாப்பட்டணத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டு உள்வேலை செய்யும் தச்சர்களுக்கிடையே தனித்து அறியத்தக்க வகையினர் ஒருவர் உண்டு; காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியைச் சொந்தமாக வைத்திருக்கும் காரணத்தால் அவரைக் கன் மேஸ்திரி எனக் குறிப்பது தகும். சுத்தியல் வைத்திருப்பவருக்கும் கன் வைத்திருப்பவருக்கும் கைத்திறனில் வேறுபாடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; நடையில் இருக்கிறது. முன்னவர் வேலை நடக்கும் வீட்டுக்குள் நேராக நுழைந்துவிடுகிறார்; பின்னவரோ கம்ப்ரசரைக் கையாள் உருட்டி வர, ஓஸைத் தோளில் வளையமாக மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் வெளியே வந்து பார்க்கும்வரை வாசலிலேயே நின்று, அதன் பின்னரே உள்ளே வருகிறார்.

கருவியின் இயக்கம் எளியது. கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அமுக்கித் தொட்டியில் சேர்க்கிறது. அக்காற்று ஓஸ் வழியே கன்னுக்குள் வந்து காத்திருந்து, விசையை அழுத்தியதும் பிஸ்டனின் தலைமேல் பாய்ந்து, அதனோடு இணைந்த டிரைவர் என்னும் எஃகுத் தகட்டைக் கீழே தள்ள, அத்தகடு வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும் பின் என்னும் ஆணிகளில் முதலாவதைப் பிரித்து மரத்துக்குள் இறக்கிவிடுகிறது. மர உள்வேலையில் மிகுதியும் புழங்கும் எஃப் 30 வகைக் கன் 10 மில்லிமீட்டர் முதல் 30 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள மெல்லிய பின்களை ஏற்பது. அதற்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 100 பவுண்டு வரையான அழுத்தம் போதும்.

போதும் என்பதில்தான் மேஸ்திரிக்கு உடன்பாடில்லை. காற்றைப் பற்றி இந்தப் பகுதியினருக்குப் பாடம் நடத்துவதும் எளிதன்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் அமுக்கிய காற்றைக் கொண்டு பாறையைத் துளைத்து நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுவருகின்றன, நாமக்கல் லாரிகள் காற்றுப் பிரேக்கை நம்பியே மலையிறங்குகின்றன, பஞ்சர் கடைத் திண்ணையில் வளர்ந்த சிறுவனுக்கும் டயருக்கு எத்தனை பவுண்டு என்பது தெரியும். இவ்வாறு காற்றோடு புழங்கிய நிலத்தில் பிறந்ததையே போதிய பயிற்சியாகக் கொள்ளும் மேஸ்திரி, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் திருகை இறுதிவரை முறுக்கிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதுகிறார். விளைவாகப் பின், பீடிங் என்னும் மெல்லிய ஓரச்சட்டத்தில் நிற்காமல் அதைத் துளைத்து மறுபுறம் எட்டிப் பார்க்கிறது. அவரோ அதைக் கன்னின் வீரம் என்கிறார்.

கன்னின் மூக்கில் வில்லோடு கூடிய ஒரு பாதுகாப்பு முனை உண்டு. அது மரத்தில் அழுந்தினாலன்றிப் பின் வெளியேறாது. விசையமைப்பிலும் இரு வகை உள்ளன: ஒன்றில் முதலில் முனையை அழுத்தி, பிறகு விசையை இழுத்து, அடுத்த பின்னுக்கு இரண்டையும் விட்டு மீண்டும் தொடங்க வேண்டும், மற்றதில் விசையை இழுத்துப் பிடித்தபடியே முனையை மரத்தின்மேல் தட்டிக்கொண்டு போனால், தட்டுந்தோறும் பின் பாயும். இரண்டாம் வகையில் காயமுறும் வாய்ப்பு முதல் வகையைப்போல் இரு மடங்கு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரிக்கிறது. அந்நாட்டில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்ததாகவும் கணக்கிடப்பட்டது. மேஸ்திரி இவ்விரு வகைக்கும் மேலான மூன்றாவதொன்றைத் தாமே படைத்துக்கொள்கிறார். பாதுகாப்பு முனை தம் கைப்பக்குவத்தின் மேல் கம்பெனிக்காரன் கொண்ட ஐயம் என்பது அவர் துணிபாகையால், அதை மேலே தள்ளிக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டிவிடுகிறார். அதன்பின் கன்னுக்கு மரமும் சுவரும் மனிதரும் ஒன்றே.

பின்னடிக்கும் இடத்திலிருந்து மறு கை ஓர் அடி அளவாவது, அதாவது 12 அங்குலமாவது, விலகியிருக்க வேண்டும் என்பது விதி. மெல்லிய பின் மரத்தின் ரேகையிலோ முடிச்சிலோ பட்டு வளைந்து பக்கவாட்டில் வெளிவரும் இயல்புடையது என்பதே அதற்குக் காரணம். மேஸ்திரியின் இடது கட்டைவிரல் இக்காரணத்தை அவரைவிட நன்றாக அறியும். அத்தகைய நேரங்களில் அவர் கட்டிங் பிளேயரால் பின்னைத் தாமே உருவி, விரலைச் சட்டையில் துடைத்து, வேலையைத் தொடர்கிறார். பின்களை ஒட்டிவைத்த பசையின் துணுக்குகள் சதைக்குள் தங்கிச் சீழ்பிடிக்கக்கூடும், எனவே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று யாரேனும் சொன்னால், டி.டி. ஊசி வலிக்குமே என்கிறார். கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடியும் அவரிடம் உண்டு, நெற்றியில்.

ஒரு செய்தியில் அவருக்கும் வரலாற்றுக்கும் நேர்முரண். முதல் ஆணித் துப்பாக்கி ஹோவர்ட் ஹியூஸின் மாபெரும் மரவிமானத்துக்காக மாரிஸ் பைனூஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்தது எனப்படுகிறது. 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒருமுறை பறந்த அவ்விமானத்தில், பசை காயும்வரை மரத்தைப் பிடித்து நிற்கவே ஆணிகள் அடிக்கப்பட்டு, காய்ந்ததும் பிடுங்கப்பட்டன. இன்றும் பின்னின் வேலை பெரும்பாலும் அதுவே. தாங்குவது பசை, பின் வெறும் காவல். மேஸ்திரியோ பசையைத் துளித்துளியாகவும் பின்னை வாரி வாரியும் வழங்குபவர். அலமாரி இரண்டாம் ஆடியில் வாய்பிளக்கும்போது அவர் வீட்டுக்காரரிடம் பிளைவுட்டைக் குறைகூறுகிறார்.

பராமரிப்பில் அவருக்குப் பாசம் உண்டு, முறை இல்லை. கன்னின் காற்று நுழைவாயில் வழியே நாள்தோறும் இரண்டு மூன்று சொட்டு நியூமேட்டிக் எண்ணெய் விட்டால் உள்ளிருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள் வறளாமல் காற்றைக் காக்கும். அவ்வெண்ணெய் தீர்ந்த நாளில் மேஸ்திரி வீட்டுச் சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி ஊற்றுகிறார். அது மார்கழி விடியலில் உள்ளேயே உறைய, கன் இருமுகிறது, அவர் கன்னுக்குச் சளி பிடித்திருப்பதாக அறிவிக்கிறார். அமுங்கிய காற்று குளிரும்போது அதன் ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தேங்கும் என்பதால், மாலைதோறும் அடித்திருகைத் திறந்து வடிக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்தே துருவேறி மெலியும். “மழையே இல்லாத ஊர்ல காத்துல ஏதுங்க தண்ணி?” என்பது அவர் வாதம். கையாள் ஒருநாள் திருகைத் திறந்து, செம்மண் குட்டை நிறத்தில் அரை வாளி பிடித்துக் காட்டினாலும், அது கம்பெனியிலேயே ஊற்றி அனுப்பியது என்று கூறிவிடுகிறார்.

மின்வெட்டு வேளையில் பக்கத்து லாரிப் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரை அவர் ஆசையோடு நோக்குவதுண்டு. எண்ணெய் பட்ட கருவிக்குள் அழுத்தமான ஆக்சிஜன் புகுந்தால் வெடிக்கும் என்பதை அறிந்த வெல்டர், “வேண்டாமுங்க மேஸ்திரி, கன்னு ஏற்காட்டுல போய் விழுமுங்க” என்று மறுப்பதாலேயே ஊர் பிழைத்திருக்கிறது.

பின் சிக்கிக்கொண்டால் ஓஸைக் கழற்றிய பிறகே கன்னைத் திறக்க வேண்டும். இதையும் கையாள்தான் நினைவூட்டுகிறான்: “அண்ணா, ஓஸைக் கழட்டிட்டுப் பாக்கலாமுங்களா?” “கழட்டி மாட்டற நேரத்துல நாலு பீடிங் ஓட்டிருவன் கண்ணு.” இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பிய இராமர் தங்கிய இடம் என இவ்வூரார் நம்பும் கோதண்டராமர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் சென்று, கூரையோவியங்களை அண்ணாந்து பார்த்து, வில்லேந்திய பெருமாளை வணங்கி வரும் மேஸ்திரிக்கு, போரில்லாத வேளையில் வில்லின் நாணை அவிழ்த்து வைப்பது வில்லாளியின் வழக்கம் என்பது மட்டும் உறைக்கவில்லை. கழற்றினாலும் முழுப்பயன் இல்லை. கன்னில் காற்றை அடைக்காத ஆண் இணைப்பும் ஓஸில் கப்ளரும் இருந்தால்தான் கழற்றியவுடன் கன்னுக்குள் எஞ்சிய காற்று வெளியேறும். அவரோ கப்ளரைக் கன்னிலேயே பொருத்தியிருப்பதால், ஓஸ் போன பின்னும் ஓர் அடிக்கான காற்று உள்ளே பதுங்கியிருக்கிறது.

ஆயுத பூசையன்று நாமக்கல் சாலையின் லாரிகள் எலுமிச்சை நசுக்கிப் புறப்படும்போது, சக்கரமில்லாத தம் கன்னுக்கும் அம்மரியாதை வேண்டும் என்று கருதும் மேஸ்திரி, அதன் மூக்குக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தேக்குப் பலகைமேல் எலுமிச்சையை இடக்கையின் இரு விரலால் பிடித்து, கன்னை அதன்மேல் வைக்கிறார். கையாள் சத்தமின்றி ஓஸைக் கழற்றிவிடுகிறான். பதுங்கியிருந்த காற்றில் பின் பாய்ந்து, எலுமிச்சை விரல்களுக்கு நடுவே பலகையோடு தைக்கப்படுகிறது. இரண்டாம் எலுமிச்சைக்குக் கன்னிலிருந்து ஒலியே எழவில்லை. என்ன கோளாறு என்று அறிய மேஸ்திரி கன்னைத் திருப்பி, அதன் மூக்கைத் தம் கண்ணருகே கொண்டுவந்து உற்றுப் பார்த்தபடி விசையை இழுக்கிறார். கையாள் ஓஸின் நுனியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருக்கிறான்.