39 நிமிடக் கடன்: மும்பைத் தமிழரின் உறக்கநேரம் குறித்து ஓர் ஆய்வு

மனிதகுலத்தை ஆந்தை, சேவல் என்று இரண்டு சாதியாகப் பிரித்து, சேவல்களுக்கு மட்டும் நல்ல பெயர் கொடுப்பது என்று உலகம் எப்போது முடிவெடுத்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்தக் கூட்டம் காலை ஒன்பது மணிக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஆந்தைகள் தரப்பில் ஒருவரும் எழுந்து ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. இவ்வாய்வின் எல்லை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர். ஆய்வுப் பொருள்: தூக்கம், அதிலிருந்து எழுப்பப்படுதல், எழுப்பியவர் மேல் வரும் கோபம்.

ஆய்வேட்டு மரபுப்படி முன்னோர்க்கு முதல் வணக்கம். 1729-இல் டி மெராங் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் அடைத்து வைத்தார். வெளிச்சமே படாத இடத்திலும் அது வேளை தவறாமல் இலை விரித்து, இலை மூடியது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற சந்தேகம் அங்கே பிறந்தது. 1971-இல் கொனாப்காவும் பென்சரும் பழ ஈயில் அக்கடிகாரத்தின் மரபணுவைச் சுட்டிக் காட்டினார்கள். அதை மேலும் தோண்டிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு. இடையில் 2001-இல், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு விசித்திரக் குடும்பத்தின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அக்குடும்பத்தில் பலருக்கு மாலை ஏழரைக்கே கண் சொக்கிவிடும். விடிகாலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். இதற்குக் காரணம் ஒரு மரபணுவில் நேர்ந்த திரிபு என்றார்கள். மாட்டுங்காவில் இதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர்.

அறிவியல் போதும், வரலாற்றுக்கு வருவோம். விஷயம் அங்கேதான் சூடு பிடிக்கிறது. பம்பாயின் சூரியக் கணக்கு கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. 1881-இல் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன், ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த மெட்ராஸ் நேரத்தையே பம்பாய் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும் என்றார். மெட்ராஸ் நேரம் அரை மணி முந்தியது. ஊர் கொதித்தது, கடைசியில் அரசு பின்வாங்கியது. தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று சிவசேனை 1960-களில் குரல் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு எண்பது ஆண்டுக்கும் முன்பே மெட்ராஸ் இந்த ஊரின் தூக்கத்தைப் பறிக்கப் பார்த்திருக்கிறது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வந்தது. பம்பாய் நேரத்தைவிட 39 நிமிடம் கூடுதல். அதாவது மில் சங்கு சூரியனைக் கேட்காமல் 39 நிமிடம் முன்னதாக ஊதும். அந்த மாதமே ஆயிரக்கணக்கான மில் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்து ரகளை செய்தார்கள். மாநகராட்சியோ இன்னும் பிடிவாதம். நாடு விடுதலை அடைந்த பிறகும் சில ஆண்டுகள் பம்பாய் நேரத்தையே கட்டிக்கொண்டு அழுதது.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் தம் முதன்மைக் கண்டுபிடிப்பைப் பணிவுடன் முன்வைக்கிறார். செம்பூர் அடுக்ககத்தில் அம்மா போர்வையை உருவி, "மணி ஏழாச்சு, எழுந்திருடா" என்கிறார். சூரியனைக் கேட்டால் மணி 6.21. "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று முனகும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அறியாமை. அவன் பம்பாய் நேரத்தின் கடைசிப் பிரஜை. செல்பேசி அலாரத்தில் 'ஸ்நூஸ்' தட்டினால் பெரும்பாலும் ஒன்பது நிமிடம் கிடைக்கும். சென்னைக்குச் சூரியன் சேரவேண்டிய பாக்கியும் ஒன்பது நிமிடம்தான். அங்கே ஒரு தட்டு போதும். மும்பைவாசி நான்கு தட்டு தட்டி, எஞ்சிய மூன்று நிமிடம் சும்மா கண்ணை மூடிக் கிடந்தால் கணக்கு நேராகும். இக்கணக்கைச் செம்பூர் அம்மா ஒருவரிடம் விளக்கியபோது, "நீங்க காலேஜ் வாத்தியாரா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வௌவால். தமிழ் ஆய்வுலகம் உலகுக்குக் கொடுத்த கொடைகளில் இது முக்கியம், ஆனால் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் விலங்குகளின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தவர். அவரும் ஜி. மாரிமுத்து முதலியோரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இது: சூரிய ஒளி எட்டாத குகையில், கூண்டில் ஒரு வௌவால். இரவா பகலா என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆனால் சுற்றியுள்ள வௌவால்கள் அந்தியில் வெளியே போகின்றன, விடியுமுன் திரும்புகின்றன. அந்தச் சந்தடியைக் கேட்டே கூண்டுக்குள் இருப்பது தன் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்கிறது. அக்கம்பக்கம் இல்லாத குகையில் தனியே விட்டால் அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போகிறது. 1983-இல் இன்னொரு திருப்பம்: வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது அக்கம்பக்கத்தின் போக்குவரவைச் சட்டையே செய்யவில்லை.

மதுரைக் குகையிலிருந்து தாராவி 90 அடி ரோடு சந்துக்குள் நுழைவதற்கு ஆய்வுமுறையில் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் ஒற்றை அறை வீடுகள். இங்கே கோலி என்பார்கள். இட்லி போடும் வீடுகளில் முந்தின நாளே மாவு அரைத்தாகிவிடும். ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் அடுப்பு பற்றும். தட்டுத் தட்டாக வெந்து இறங்குவதைத் துணியோடு கவிழ்த்து, துணியில் தண்ணீர் தெளித்து உரித்து, ஆவி போகுமுன் அலுமினியப் பாத்திரத்தில் அடுக்குவார்கள். வெளிச்சம் வருமுன் சைக்கிள் கிளம்பும்: பின்னால் இட்லிப் பாத்திரம், கைப்பிடியில் சட்னி வாளி, ரப்பர் பந்து வைத்த ஹார்ன். பாம், பாம் என்ற அந்தச் சத்தம்தான் பக்கத்து அறைக்காரருக்கு அலாரம். அவருக்கு மாலை ஷிப்ட், உறங்க வேண்டிய நேரம் அது. ஆனாலும் எழுந்துவிடுகிறார், கூண்டு வௌவாலைப் போல.

ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள் 1976-இல் ஒரு வினாத்தாள் செய்தார்கள். (முதலாமவர் பெயருக்கும் சைக்கிளுக்கும் தொடர்பில்லை.) உங்கள் நாளை நீங்களே திட்டமிட முழுச் சுதந்திரம் இருந்தால் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பது அதில் முக்கியக் கேள்வி. இட்லி அண்ணன் ஒருவரிடம் வைக்கப்பட்டது. வெகுநேரம் யோசித்தார். "ஊருக்குப் போனாத்தான் சுதந்திரம். அங்கனயும் மூணு மணிக்கு முழிப்பு வந்துருது. சும்மா உக்காந்து பீடி குடிப்பேன்." ஜெர்மானியர் ரோனபெர்க் விடுமுறை நாள் தூக்கத்தின் நடுப்புள்ளியை வைத்து ஆளின் வகையைச் சொல்வார், வேலைநாளுக்கும் விடுமுறைக்கும் உள்ள இழுபறிக்கு 2006-இல் 'சமூக ஜெட்லாக்' என்று பெயரும் வைத்தார். அந்த முறையும் இங்கே பலிக்கவில்லை. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் சூடு.

ஆந்தை மரபணு தாராவியிலும் பிறக்கிறது, செம்பூரிலும் பிறக்கிறது. ஆனால் ஆந்தையாக வாழ ஒரு கதவு வேண்டும், சாத்திக்கொள்ள. இதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கும் அறையில் அவரவர் இயல்பு என்று ஒன்றை அளப்பது எப்படி? செம்பூரில் கதவு இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிக்கு இரவெல்லாம் வேலை பார்க்கும் மகன், மேலே சொன்ன வேறு குடும்பத்து வௌவால். காலை ஆறுக்கு அப்பா சேடா நகர் முருகனைப் பார்க்கப் படியேறக் கிளம்பும்போது இவன் திரையை இழுத்து விடுகிறான். ஒரே டிகாக்‌ஷனில் அப்பாவுக்கு நாள் தொடங்குகிறது, பிள்ளைக்கு முடிகிறது. பிள்ளை பகலில் தூங்குவதை அக்கம்பக்கத்தில் "நைட் ஷிப்ட்" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். சம்பளம் டாலரில் வந்தால் ஆந்தைக்கும் சேவல் அந்தஸ்து உண்டு என்பது இதன் கிளைத் தேற்றம்.

ஆந்தைகளுக்குக் கடைசியில் இரங்கியது மருத்துவமல்ல, ரயில்வே. 2023 நவம்பரில் மத்திய ரயில்வே மும்பையில் தன் அலுவலக ஊழியர்களை 9.30-க்கு ஒரு பிரிவு, 11.30-க்கு ஒரு பிரிவு என்று பிரித்து, மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்யட்டும் என்று கேட்டுக்கொண்டது. உயிரியல் அதன் கண்ணில் படவில்லை, லோக்கல் வண்டிக் கதவில் தொங்கும் ஆட்கள்தான் பட்டார்கள். டி மெராங் தொடங்கி மூன்று நூற்றாண்டு அறிஞர்கள் சாதிக்காததைக் குர்லா ஸ்டேஷன் நெரிசல் சாதித்திருக்கிறது.

ஒரு பெருங்குறை மிச்சமிருக்கிறது. ஆய்வு எல்லைக்குள் வசிக்கும் பெண்களின் இயல்பான விழிப்பு நேரத்தைக் குறிக்க முடியவில்லை. எந்த நேரத்தில் போனாலும் அவர்கள் முன்பே எழுந்திருந்தார்கள். இதற்கும் மதுரையில் வழி உண்டு. மனிதரை நாள்கணக்கில் தனியே வைத்து உள்கடிகாரத்தை அளக்க, ஜன்னலும் கடிகாரமும் இல்லாத ஓர் அறையைச் சந்திரசேகரன் அங்கே அமைத்திருந்தார். பெண்ணொருவர் தங்கி, ஆய்வும் வெளிவந்தது. அப்படியொரு அறையில் மாட்டுங்கா மாமி ஒருவரையும் தாராவி ஆச்சி ஒருவரையும் இரண்டிரண்டு வாரம் தங்கவைக்கலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. மாமி, "பதினஞ்சு நாள் ஆத்துல யார் காப்பி போடறது?" என்று அப்போதே மறுத்துவிட்டார். ஆச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வேளைக்குச் சோறு வரும், எழுப்ப ஆளில்லை, நினைத்தபோது தூங்கலாம், நினைத்தபோது எழலாம் என்று எல்லாம் விளக்கி முடித்த பிறகு, காலிக் குடங்களைக் குழாயடிப் பக்கம் நகர்த்தி வைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்:

"அதெல்லாம் சரி, ஏய்யா, அங்கன தண்ணி எத்தன மணிக்கு வரும்?"