கிள்ளிப் போடச் சொன்னேன் மருமவனே

வாடே மருமவனே, வா. மெஷினை அந்தத் தூணுல சாத்தி வை. கொடிப்பக்கம் மட்டும் கொண்டு போயிராத. உங்க அத்தை அடுப்பங்கரை ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் நிக்கா. போன வியாழக்கிழமை நீ செஞ்ச கைங்கரியம் அவ மனசை விட்டு இன்னும் இறங்கல.

ஓட்டல்காரங்க குடுத்த வெள்ளை விரிப்பு. நீலம் முக்கி, கஞ்சி போட்டு, கொடியில ரெண்டு கயித்தையும் முறுக்கி நடுவுல சொருகி விட்டிருந்தோம். கிளிப்பு கிடையாது, ஒண்ணு கிடையாது, கயித்துப் பிடிதான். காத்துல பால் பொங்கின மாதிரி ஆடிச்சு. நீ வேலிக்கு அந்தாண்ட புல்லு வெட்டுதேன்னு மெஷினை முடுக்கின. அஞ்சு நிமிசம். விரிப்பு பூராவும் கறுப்புப் பொட்டு. புள்ளைக்குத் திருஷ்டி கழிக்கவன் கூட ஒரு பொட்டோட நிப்பாட்டுவான்.

கேட்டா என்ன சொன்ன? "மாமா, நீங்கதானே கிரீஸ் போடச் சொன்னீய." சொன்னேன்தான். குழம்புக்கு உப்பு போடச் சொன்னா தூத்துக்குடி உப்பளத்தையே கொண்டாந்து கவுத்துவியோ?

இரு, முதல்ல இருந்து வருவோம். அதுக்கு முன்னால முக்குக்கடையில ரெண்டு சாயாவும் பழம்பொரியும் வாங்கிட்டு வந்துரு. வெறும் வாயில புத்தி சொன்னா எனக்கு இருமல் வரும்.

வாங்கியாந்துட்டியா? சரி, உக்காரு.

இந்த மெஷினை வாங்கி ரெண்டு மழைக்காலம் ஓடிப் போச்சு. பெட்ரோல்ல ஆயில் கலக்குத நேரத்துல உன்னைப் பாக்கணுமே! குப்பியைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி, வைத்தியர் தோத்தாரு. டேங்கைத் தினமும் துணி போட்டுத் துடைச்ச. அதுவும் என் துணி. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வச்ச. எங்க வச்ச? இன்ஜினுக்கு. சத்தம் போடுதவனுக்குத்தான் உன் கையால சோறு. அஞ்சடிக் குழாய்க்கு அந்தப் பக்கம், சேத்துல முகத்தை வச்சுக்கிட்டு, கைமுட்டி அளவுல ஒரு கியர் பெட்டி கிடக்கு பாரு, அதுக்கு ஒரு திருகு இருக்குங்கதே உனக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு பல்சக்கரம் இருக்கு. ஒண்ணு இன்ஜின்ல இருந்து குழாய்க்குள்ள வார கம்பியோட சேந்தது. இன்னொண்ணு கீழ பிளேடைச் சுத்துதது. வார சுத்தைத் திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு, கீழ அனுப்புதுதான் அதுகளோட சோலி. குறைச்சும்கூட நிமிசத்துக்கு 6000, 7000 சுத்து. பல்லும் பல்லும் படுத இடம் அரிசிமணி அகலம்தான் இருக்கும். நடுவுல மசகு இல்லன்னா இரும்பு இரும்பைத் தின்னும். அந்த விரிப்புல விழுந்த கறுப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்க? புது கிரீஸ் அப்பிடிக் கறுப்பா இருக்காது. ரெண்டு மழைக்காலம் நீ பட்டினி போட்டதுல பல்லு தேஞ்சு விழுந்த பொடியும் சேந்துதான் வெளிய வந்துச்சு. மண்ணெண்ணெய் வச்சுத் தேச்சு, சவக்காரம் போட்டு, சுடுதண்ணியில அலசி, எண்ணெய்ப் பிசுக்கு போயிருச்சு. இரும்புக் கறை அங்ஙனயே உக்காந்திருக்கு.

எங்க ஐயாவுக்குச் சங்கரன்கோவில் பக்கத்துல ஒத்தமாட்டு வண்டி இருந்துச்சு. வண்டிக்கு அடியில ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதுக்குள்ள வண்டி மை. வைக்கோலைக் கரிச்சு, விளக்கெண்ணெயில குழைச்சது. சந்தைக்குப் போறதுக்கு முந்தி கடையாணியைக் கழத்தி, சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்து, ஒரு குச்சியால அச்சுல தடவுவாரு. தடவுவாருன்னுதான் சொல்லுதேன், கவனி. நான் சின்னப் பயல், ஆசையில குழாயைக் கவுத்துட்டேன். மை பூராவும் வழிஞ்சு புழுதியைப் பிடிச்சு, அச்சுல மண்ணு அரைச்சது. ஐயா ஒண்ணும் சொல்லல. பத்து மைல் என்னை வண்டிக்குப் பின்னால நடக்க விட்டாரு. நீ அதிர்ஷ்டக்காரன், உனக்குச் சாயாவோட போச்சு.

பொண்ணெடுத்த வழியில நான் மட்டாஞ்சேரிக்கு வந்த புதுசுல பஜார் ரோட்டுல அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் கைவண்டியில போகும். மை போடாத வண்டி கிட்டங்கியை விட்டுக் கிளம்புனா கல்வத்தி வரைக்கும் அழுதுக்கிட்டே போகும். சத்தத்தை வச்சே எவன் வண்டின்னு சொல்லிருவேன். உன் மெஷின் ஒரு வருசமா அந்த அழுகைதான் அழுதுச்சு. நீ புது மாடல் அப்பிடித்தான் கூவும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச.

இன்னொரு விஷயம் கேளு, இது என்னையே மடக்கின விஷயம். கிரீஸ்னா என்ன? கெட்டி எண்ணெய்னு சொல்லுவ. நானும் அப்பிடித்தான் நினைச்சேன். கிரீஸுங்கது எண்ணெயைச் சோப்புக்குள்ள பிடிச்சு வச்சது, மருமவனே! பஞ்சு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்க மாதிரி. சூடும் அழுத்தமும் பட்டா எண்ணெய் கசிஞ்சு பல்லுக்கு வரும். எண்ணெயை விரட்டத்தான் சோப்புன்னு ஐம்பது வருசம் கல்லுல அடிச்சுக்கிட்டிருந்தேன். நம்ம சனத்தைத் தமிழ்ச் சீமையில இருந்து டச்சுக்காரன் கூட்டிட்டு வந்ததே பட்டாளத்துத் துணி வெளுக்கத்தான். 1663-ல அவன் கொச்சியைப் பிடிச்சான். வெளிங்க இடத்துல இப்ப நாம துணி வெளுக்க தோபிகானாவை நகர வளர்ச்சி ஆணையம் ஜி.சி.டி.ஏ. 1976-ல கட்டிக் குடுத்துச்சு. இத்தனை தலைமுறை சோப்போட குடும்பம் நடத்தியும், அது எண்ணெய்க்குக் காவல் நிக்கும்னு ஒரு பயலும் எனக்குச் சொல்லல.

அதுலயும் சோப்புக்குச் சோப்பு குணம் வேற. நம்ம துவைக்க சோப்பு சோடியம். அந்த ஜாதி சோப்புல செஞ்ச கிரீஸுல தண்ணி பட்டா கரைஞ்சு கூழாயிரும். லித்தியம் சோப்புல செஞ்சது தண்ணிக்குச் சுலபமா மசியாது, சூடும் தாங்கும். இது 1940-கள்ல வந்த சரக்கு. கடையில கியர் பெட்டிக்கு லித்தியம் கிரீஸுன்னு கேட்டு வாங்கு. கொச்சி மழைக்கு அதுதான் தோது. எங்க ஊர்ல புல்லைத் தேடி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போவோம். இங்ஙன இடவப்பாதி மழை இறங்கிட்டா புல்லு நம்மளைத் தேடி வாசப்படி ஏறுது. நனைஞ்ச புல்லுலயே நீ வெட்டித் தீரணும். தேங்காய் எண்ணெய் ஊத்தலாமான்னு கேக்காத. கேட்டவன் ஒருத்தன் இருக்கான். தலைக்கு எண்ணெய் வைக்கணும்னுதானே சொன்னீயன்னு அவனுக்கு நியாயம் வேற.

பிளேடுக்குப் பதிலா நரம்பு மாட்டிச் சுத்துத புல்லுவெட்டியை யோசிச்சுக் கண்டுபிடிச்சவர் யாரு தெரியுமா? அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல ஜார்ஜ் பல்லாஸுன்னு ஒருத்தர், நாட்டியப் பள்ளிக்கூடம் நடத்தினவர். கார் கழுவுத இடத்துல பிரஷ் சுத்துததைப் பாத்துட்டு, 1971-ல ஒரு சோளப்பொரி டப்பாவுல ஓட்டை போட்டு, நம்ம தங்கூசி இருக்குல்லா, மீன் பிடிக்க நரம்பு, அதை மாட்டிச் சுத்த விட்டாரு. புல்லு விழுந்துச்சு. தோப்பும்படியில தங்கூசி விக்கவங்க எத்தனை பேரு! ஒருத்தருக்கும் இது தோணல பாரு. எனக்கும் தோணலங்கதை நீ சொல்ல வேண்டாம்.

சரி, சாயா ஆறுது. இப்ப வேலையைச் சொல்லுதேன். மெஷினை நிப்பாட்டு. ப்ளக்குத் தொப்பியைக் கழத்திப் போடு, இல்லன்னா உன் விரலை எண்ண வேண்டி வரும். பெட்டி ஆறட்டும். திருகைச் சுத்தி இருக்க மண்ணைத் துடைச்சிட்டுத்தான் திறக்கணும். நீ சேத்தோட திறந்தா கிரீஸோட சேத்தையும் சேத்துப் பிசைஞ்சு ஊட்டுத மாதிரி. திறந்து உள்ள பாரு. ஓட்டைப் பக்கத்துல கிரீஸ் கண்ணுல பட்டா மூடிட்டு வீட்டுக்குப் போ, அன்னைக்கு உனக்கு அந்த வேலை இல்ல. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல புதுசைத் திணிக்காத, பிரிச்சுக் கழுவணும். ஒண்ணுமே தெரியலன்னா 5 கிராம். ஸ்டில் கம்பெனிக்காரன் புத்தகத்துல 25 மணி நேரத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லி, அவ்வளவுதான் போட்டிருக்கான், பெட்டியை நிறைக்காதன்னும் சேத்து. ஹஸ்க்வர்னாக்காரன் முக்கால் பெட்டி இருந்தாப் போதுங்கான். 5 கிராமுன்னா ஒரு அருநெல்லிக்காய். டியூபை அமுக்கும்போதே பிளேடைக் கையால மெள்ளச் சுத்து, உள்ள பரவும். கையில சாக்கு சுத்திக்கோ.

நீ என்ன செஞ்ச? டியூபு ஒட்டிப் போய்த் தட்டையாகுத வரைக்கும் அமுக்கின. கிரீஸ் சூட்டுல விரியும்டே. காலி இடம் இல்லன்னா சக்கரம் அதைக் கடைஞ்சு கடைஞ்சு இன்னும் சூடேத்தும். கடைசியில கசிவை அடைக்க சீலைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும். கல்யாணப் பந்தியில நீ மூணாவது பாயசம் கேட்ட அன்னைக்கு உனக்கு நடந்ததேதான் அதுக்கும் நடந்துச்சு. பிய்ஞ்ச சீல் வழியா இப்ப தண்ணியும் மணலும் ராஜபாட்டையில போகும்.

இன்னொருத்தன் கதை உனக்கு ஆறுதலா இருக்கும். வளைஞ்ச குழாய் மெஷினை வச்சுக்கிட்டுத் திருகைத் தேடி அரை நாள் போராடிட்டு என்கிட்ட வந்தான். வளைஞ்ச குழாய்ல கியர் பெட்டியே கிடையாது, உள்ள முறுக்குக் கேபிள்தான் ஓடும். அதை உருவி, துடைச்சு, மேலாப்புல கிரீஸ் தடவி விடணும். அவன் ஆளு ரொம்பப் படிச்சவன். பேரைச் சொல்ல மாட்டேன், அவன் இன்னைக்குச் சாயா வாங்கித் தரல.

25 மணி நேரத்தை எப்பிடி ஞாபகம் வைக்கன்னு கேக்கியா? அதுக்கு வண்ணான் வேலை ஒண்ணு இருக்கு. சேங்கொட்டை மையால துணி மூலையில குறி போடுவோம்லா, எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஒரு நாள் ரெண்டு மணி நேரம் வெட்டுவியா? வெட்டின அன்னைக்குக் குழாய்ல ஒரு பொட்டு. பன்னெண்டு பொட்டு வந்தா திருகைத் திற. குழாயைத் திருப்பிப் பாரு, முதல் பொட்டை நானே வச்சிட்டேன்.

அதுக்குப் பக்கத்துல ரெண்டு கோடு என்னன்னா? அது அடகுச் சரக்குக்கு நான் போடுத குறி. ஓட்டல்காரங்களுக்கு விரிப்புக் காசு நான்தான் குடுத்தேன். புது சீலும் நான்தான் வாங்கி வச்சிருக்கேன், நாளைக்கு மாட்டிருவோம். காசு வார வரைக்கும் மெஷின் இந்தத் தூணுலயே கிடக்கட்டும். வட்டியெல்லாம் உன்கிட்ட வாங்க மாட்டேன். கொல்லையில புல்லு முழங்கால் உசரத்துக்கு நிக்கி, பாத்தியா? விரிப்பு காயாத நேரமாப் பாத்து வா.