என்ர ராசா வந்திட்டார்

பள்ளிமுனையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, அரிசி களைந்த தண்ணியை ஒருநாளும் வெளியே எறியமாட்டா. பிடி உடைந்த அலுமினியச் சட்டியில் ஊற்றி, மரக்கறித் தோலையும் அதற்குள் போட்டு, பின்னேரம் படலைக்கு வெளியே கொண்டுபோய் வைப்பா. கொஞ்ச நேரத்தில் ஒரு கழுதை வரும். இடது காதின் நுனி பிய்ந்திருக்கும். முன்னங்கால் முட்டியில் மயிர் உதிர்ந்து, ஒரு ரூபாய்க் குற்றியளவு கறுத்த வட்டம். மன்னாரில் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. அராபிய வணிகர்கள் கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை என்று சொல்வார்கள். பெருக்கமரத்தடியிலும் பஸ் நிலையத்திலும் கோட்டைப் பக்கமும் அவை தம் பாட்டில் திரியும். ஆனால் இந்தக் கழுதை, ஆச்சி வீட்டுக்கு மட்டும் நேரம் தப்பாமல் வந்து படலைக்கு மேலால் தலையை நீட்டும். ஆச்சி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பி, "என்ர ராசா வந்திட்டார்" என்பா.

1988ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் அப்போதுதான் திணை, பால் படித்திருந்தோம்.

"ஆச்சி, கழுதை அஃறிணை. 'வந்திட்டார்' எண்டு சொல்லக்கூடாது. 'வந்திட்டுது' எண்டு சொல்லோணும்."

கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "கெட்டிக்காரி" என்றாள் ஒருத்தி. அம்மாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. ஆச்சி என்னைப் பார்த்து, "அப்பிடியோ பிள்ளை" என்றா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் நிற்கும் நேரங்களில் ஆச்சி சட்டியைப் பேசாமல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவா. கழுதையோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. பல வருடங்கள் கழிந்து, வேறோர் இடத்தில், வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேசாத முகம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஒரு "கெட்டிக்காரி" என்ற சொல்லுக்காக நான் ஊர் முழுவதையும் திருத்தினேன். எருக்கலம்பிட்டியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் காக்காவைத் திருத்தினேன். பெரியம்மாவைத் திருத்தினேன். அப்பாவைக்கூட விடவில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர். "கச்சான் பிடிச்சிட்டுது, இண்டைக்கு வள்ளம் இறக்கேலாது" என்பார். "அப்பா, அது மேல்காற்று. மேற்கிலிருந்து வீசும் காற்று எண்டு எழுதோணும்" என்பேன் நான். அவரிடம் கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று நான்கு திசைக்கும் சொல் இருந்தது. தண்ணீரின் நிறம் மாறுவதை வைத்தே அடியில் மணலா பாறையா என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சையில் எதற்குப் புள்ளி போடுவார்கள் என்பதுதான். ஆனால் வீட்டில் "படிச்சது" நான். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். நான் திருத்தினால் தலையை ஆட்டிவிட்டு வலையைப் பொத்தத் தொடங்குவார்.

1990இல் போர் எங்களைக் கிளப்பியது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். இரவில் படகு, இடையில் ஒரு மணல் திட்டு, பிறகு மண்டபம் முகாம். அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டிக் காக்காவும் அவருடைய ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

முகாமுக்கு அண்மையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். முதல் வாரம், கரும்பலகையைத் துடைக்கச் சொன்னார் ஆசிரியை. டஸ்டர் அவருடைய மேசையில், அவருடைய கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"டீச்சர், உதை ஒருக்காத் தாங்கோ" என்றேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நான் உதை கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியை சொன்னார்: "உது என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது. அது, இது, இரண்டுதான்." ஒரு பக்கம் நிறைய "அது" என்று எழுத வைத்தார். நான் கதைத்ததெல்லாம் அங்கே பிழையாக இருந்தது. நிலக்கடலையை எங்கள் வழக்கப்படி கச்சான் என்று கேட்டால் கடையில் விளங்கவில்லை. "கதைக்காதே" என்றால் கதை சொல்லாதே என்று எடுத்தார்கள். "அம்மா பேசினா" என்று அழுதால், பேசினதற்கு ஏன் அழுகிறாய் என்றார்கள். எங்கள் ஊரில் பேச்சு விழுந்தால் அழத்தான் வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளில் நான் வாய் திறப்பதை நிறுத்திவிட்டேன். பரீட்சையில் முதலாவதாக வந்தேன், ஆனால் வகுப்பில் ஊமை.

பிறகு மதுரையில் பி.ஏ. தமிழ் படித்தபோது நன்னூல் கையில் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்தது. சுட்டெழுத்து என்றால் அ, இ, உ, மூன்று. தொல்காப்பியத்திலும் மூன்றுதான். பேசுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது இது, தூரத்தில் இருப்பது அது, கேட்கிறவர் பக்கத்திலோ இருவருக்கும் நடுவிலோ இருப்பது உது. தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து அந்த மூன்றாவது சுட்டு போய்விட்டது. யாழ்ப்பாணத்திலும் எங்கள் கரையிலும் சிறுபிள்ளைகூட அதைச் சொல்லும். அந்த ஆசிரியையின் மேசையில், அவருடைய கைக்குப் பக்கத்தில் இருந்த டஸ்டரை "உது" என்றதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. ஆசிரியைக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. அவரும் அந்த மூன்று சுட்டையும் படித்துத்தான் வந்திருப்பார். அது உயிரோடு வந்து முன்னால் நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர்மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் இன்னும் சில பக்கங்கள் தள்ளியபோது அந்தக் கோபத்துக்கு வழியில்லாமல் போயிற்று. பொதுவியலில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று வரும். பிழை, பிழையற்றது, மூன்றாவது, பிழைபோல இருந்தாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றால் திணையும் பாலும் மாறி வரலாம் என்கிறது நன்னூல். உரையாசிரியர்கள் சொல்லும் உதாரணம், பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் அதை அம்மையாக்கி, பெண்பாலில் சொல்லும் ஒருவர். புத்தகத்தை மூடிவிட்டு விடுதி மாடிக்குப் போய் நின்றேன். சட்டி, பிய்ந்த காது, "என்ர ராசா வந்திட்டார்". எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆச்சிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது இலக்கணம். நான் படித்தது அரைவாசி இலக்கணம். அந்த அரைவாசியைக் கொண்டுதான் ஒரு கிழவியின் வாயை மூடினேன்.

ஆச்சி 1990இல் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டா. நாங்கள் திரும்பியபோது அந்த வளவில் படலையும் இல்லை.

பிறரைத் திருத்துவது அறிவின் அடையாளமா என்று இப்போது யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் தீவில் நாட்களைக் கழித்த ஒரு போர்த்துக்கேயப் பாதிரியார். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் சொல்கிற அன்றீக்கே அன்றீக்கஸ். 1546இல் இந்தியாவுக்கு வந்தவர். முத்துக்குளித்துறைக் கரையில் வேலை செய்து, 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டிய பிறகு இங்கேயும் இருந்தவர். மன்னாரிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய வேலை. அதற்கும் முன்னால், 1549 அளவில், ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணத்தை அவர் எழுதினார். அவருக்குத் தெரிந்த சட்டகம் இலத்தீன். அதற்குள் அவர் போட்டது புலவர் தமிழ் அல்ல, கரையில் மீன்பிடிக்கிறவர்கள் கதைத்த தமிழ். வகுப்பறைகள் பிறகு பிழை என்று தள்ளிய பேச்சுருவங்கள், அந்தக் கையெழுத்துப் பிரதியில் விதியாக உட்கார்ந்திருக்கின்றன. 2013இல் ஹார்வர்டு வெளியீடாக ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களை நான் அடிக்கடி யோசிப்பேன். கரையில் யார் யாரைத் திருத்தியிருப்பார்கள்? படித்த பாதிரியார் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்ல, வலை இழுக்கிற ஒருவர், "அப்பிடியில்லைச் சாமி" என்று சொல்லியிருக்கமாட்டாரா? அதைக் கேட்டு எழுதிக்கொண்டதால்தான் ஓர் இலக்கணம் பிறந்தது. என் அப்பாவும் அப்படித்தான் காற்றைப் பற்றிச் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.

திருத்துவது அறிவின் அடையாளமா என்ற கேள்விக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர்கள் ஜூலி போலண்டும் ராபின் குவீனும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டில் கூடத் தங்க ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று 83 பேருக்குச் சில மின்னஞ்சல்களைக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழை, சிலவற்றில் இல்லை. எழுதியவர் கூடத் தங்கத் தகுந்தவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவரோடு இணங்கிப் போகும் குணம் குறைந்தவர்களே இலக்கணப் பிழைக்குக் கூடுதலாகக் கடுத்தார்கள். ஆய்வாளர்கள் அளந்தது குணத்தை, அறிவை அல்ல. சிறிய ஆய்வுதான். என்றாலும் பதினொரு வயதில் நான் தேடித் திரிந்தது எதுவென்று அது எனக்குச் சொல்லிவிட்டது.

இப்போது பள்ளிமுனையில் வீட்டு விறாந்தையில் ரியூசன் வைத்திருக்கிறேன். இலக்கணம் கற்பிப்பதுதான் என் பிழைப்பு, பிரியமும் அதுதான். பிழையைப் பிழையென்று சொல்லாமல் விட்டால் இந்தப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் அடிபடுவார்கள். நாளைக்கு ஒரு விண்ணப்பத்தை நேராக எழுதத் தெரியாமல் யாரோ ஒருவரின் வாசலில் நிற்பார்கள். ஆகவே திருத்துகிறேன், சிவப்பு மையில், கறாராக. போன தவணை ஒரு பையன் வாசலில் நின்று, "டீச்சர், அம்மாவும் அவையும் வந்தவை" என்றான். முன் வரிசைக் கெட்டிக்காரி ஒருத்தி திரும்பி, "அவை எண்டால் மாடு, ஆடு. ஆக்களை 'அவர்கள் வந்தார்கள்' எண்டு சொல்லோணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பையனின் காது சிவந்தது. எனக்குப் பழைய கிணற்றடி தெரிந்தது.

அவளை நான் ஏசவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் இருத்தி, கொப்பியில் எழுதும்போது 'அவை' அஃறிணைப் பன்மை என்பதையும், எங்கள் ஊர் வாயில் அது ஆட்களுக்கும் வரும் என்பதையும் சொன்னேன். பிறகு அந்தப் பையனிடம், கரைவலை இழுக்கும்போது தாத்தா சொல்கிற சொற்களை எழுதிக்கொண்டுவரச் சொன்னேன். ஆறு பக்கம் எழுதி வந்தான். அதில் பாதி எனக்கே புதிது. அவற்றைச் சுத்தமான கையெழுத்தில் பிரதி பண்ணும் வேலையை அந்தப் பெண்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன்.

2024இல் ஒருநாள் பெருநிலப்பக்கத்திலிருந்து பஸ் ஏறி ஓர் அம்மா வந்தா. ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதாம். வெளியே 36 பாகை வெயில். தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய படமொன்றை எடுத்து மேசையில் வைத்தா. நான் விபரங்களைக் கேட்டு எழுதினேன்.

"என்னெண்டு எழுதினியள் டீச்சர்? ஒருக்கா வாசியுங்கோ."

"எனது மகன் 2008ஆம் ஆண்டு காணாமல் போனார்."

அவ கையைத் தூக்கினா. "அவன் போகேல்லை, டீச்சர். கொண்டு போனவை. 'போனார்' எண்டால் தானாப் போனமாதிரி."

வடக்கில் இந்தத் திருத்தத்தைச் சொல்லிச் சொல்லியே தாய்மார் களைத்திருக்கிறார்கள். 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டில்களில் பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறவர்களின் பதாகையில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே இருக்கும். எனக்கு அது தெரியும். பேப்பரில் பார்த்திருக்கிறேன். இருந்தும் கை பழக்கத்தில் 'போனார்' என்று எழுதிவிட்டது. 'போனார்' என்றால் எழுவாய் மகன், செயலும் மகனுடையது. அந்த வாக்கியத்துக்குள் வேறொருவரும் வந்து நிற்கமாட்டார்கள், வந்து நின்ற வாகனமும் நிற்காது. செய்வினை, செயப்பாட்டுவினை என்று இருபது வருடமாகக் கற்பிக்கிறவள் நான். அது எதற்கு இருக்கிறது என்று அவதான் அன்று எனக்குச் சொன்னா.

வெட்டிவிட்டு, "காணாமல் ஆக்கப்பட்டார்" என்று எழுதி வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டா.

"ஓம். இப்ப சரி."

அவ மகனை "அவன்" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், கடிதத்திலும் 'ஆக்கப்பட்டான்' என்று மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். அவ படத்தைப் பார்த்தா. இருபது வயதுப் பையன், மெல்லிய மீசை.

"வேண்டாம், 'ஆர்' எண்டே கிடக்கட்டும்" என்றா. "இப்ப அவருக்கு முப்பத்தாறு வயசு."