மயிலிறகு குட்டி போடும் முறை: ஒரு தொடக்கநிலை ஆய்வு

தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகளில் ஈடுபட்டிருக்கிறார்கள். ஒன்று பள்ளிக்குத் தெரிந்தது. அதற்கு ‘ப்ராஜெக்ட்’ என்று பெயர். மற்றது பாடப்புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ரகசியமாக நடப்பது. முன்னதற்குச் சுற்றறிக்கைகள் ஏராளம். பின்னதைப் பற்றி அறிஞர் உலகம் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ப்ராஜெக்டின் மூலநூலைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918-இல் ‘ப்ராஜெக்ட் முறை’ என்ற கட்டுரையை வெளியிட்டார். பிள்ளை தானே ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு மனம் ஒன்றிச் செய்யும் காரியமே கல்வி என்பது அவர் கட்சி. அது நியூயார்க்கிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் ‘பிள்ளை’ என்ற இடத்தில் ‘பிள்ளையின் அப்பா’ என்றொரு பாடபேதம் புகுந்துவிட்டது. 2012-13இல் முப்பருவ முறை வந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியபின் அப்பாக்களின் பொறுப்பு இன்னும் கூடியது.

களச் சான்று ஒன்று. இரவு ஒன்பது மணி.

“அம்மா, நாளைக்கு எரிமலை கொண்டு போகணும்.”

“இப்பதான் சொல்வியா?”

“மிஸ் போன வாரமே சொன்னாங்க.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஸ்டேஷனரி கடைக்குள் குனிந்து நுழைகிறார். தெர்மாகோல், ஃபெவிகால், சிவப்பு போஸ்டர் கலர். மைதாப் பசையில் ஊறிய செய்தித்தாள் மலையாகிறது. சமையல் சோடாவில் வினிகர் விழுந்ததும் கார்பன் டை ஆக்சைடு பொங்கி, சாப்பாட்டு மேசை சிவக்கிறது. இந்தியாவில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருக்கிறது. 1787-இல் வெடித்ததாகப் பதிவான அந்த மலை, இடையில் நெடுங்காலம் உறங்கிவிட்டு 1991-இல்தான் மறுபடி விழித்தது. நம் சாப்பாட்டு மேசைகளுக்கு அப்படிப்பட்ட சோம்பல் கிடையாது. கல்வியாண்டு தவறாமல் வெடிக்கின்றன. பொருட்படுத்த வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது? விரலில் காய்ந்த ஃபெவிகாலைத் தோல் தோலாக உரித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு அந்த வீட்டில் மனம் ஒன்றி நடந்த ஒரே காரியம் அதுதான். கில்பாட்ரிக் நேரில் வந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

இனி இரண்டாவது வகை. புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்பது கருதுகோள். நெறிமுறைகள் கண்டிப்பானவை: இறகு வானத்தைப் பார்க்கக் கூடாது, அடிக்கடி திறக்கக் கூடாது, தீனி வைக்க வேண்டும். தீனி விஷயத்தில் பள்ளிகள் பிளவுபட்டுக் கிடக்கின்றன. பென்சில் சீவல் என்பது பெரும்பான்மைக் கட்சி. நாலு அரிசி போதும் என்போரும் உண்டு. எந்தப் பாடப்புத்தகம் உகந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பரிந்துரைப்பவர்கள், அதுதான் வீட்டில் அதிகம் திறக்கப்படாதது என்று வலுவான காரணம் சொல்கிறார்கள்.

மயில் முட்டையிடும் இனமாயிற்றே, குட்டி எப்படி என்று பெரியவர்கள் எழுப்பும் ஆட்சேபணை அற்பமானது. இதைவிடக் கடுமையான சிக்கல், நீண்ட தோகை ஆண் மயிலுக்கு மட்டுமே உண்டு என்பது. அப்படியானால் பிரசவிப்பது அப்பா. எரிமலை விஷயத்திலும் பாரம் சுமந்தவர் அவரே என்பதால், இரண்டு வகை ஆய்வுகளும் சந்திக்கும் இடம் இது எனலாம். சட்டத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் காக்கிறது என்றாலும், அது தானாக உதிர்க்கும் இறகை வைத்திருப்பது குற்றமாகாது.

குட்டி நிஜமாகவே பிறக்கிறது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். நடுத்தண்டின் இருபுறமும் வரிசையாக நிற்கும் இழைகளில் ஒன்று, பக்கங்கள் உரசும்போது அடியோடு கழன்று தனியே விழுந்து கிடக்கும். சுண்டுவிரல் நீளம், சாய்த்துப் பார்த்தால் பச்சை, செம்பு நிறங்களில் மினுக்கும். அந்த மினுக்கம்கூடச் சாயமல்ல. இழைக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைப் பிரித்துத் திருப்புவதால் வருவது. பக்கங்கள் உரசினால்தான் இழை கழலும் என்பதால், திறக்கக் கூடாது என்ற விதியை மீறி, பீரியடுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் அவசரக்காரருக்கே குட்டிகள் அதிகம். ஒழுங்காக விதியைக் காத்தவர் ஆண்டு முழுக்கக் காத்திருப்பார். இம்முடிவை வகுப்பறையில் வெளியிடுவதால் வரும் பின்விளைவுகளுக்கு இக்கட்டுரை பொறுப்பேற்காது.

முப்பருவ முறையில் பருவத்துக்கொரு புத்தகம் மாறுவதால் அடைகாக்கும் காலம் குலைகிறது என்ற புகாரும் நிற்காது. மயில் முட்டை பொரியவே ஏறத்தாழ 28 நாட்கள் போதும். ஒரு பருவம் தாராளம்.

பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் கிடைக்கும் என்ற துணை ஆய்வையும் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்தைச் சீவி, வடியும் பாலை அமிலம் விட்டு உறையவைத்துத்தான் ரப்பர் ஷீட் எடுக்கிறார்கள். சீவலும் பாலும் சரியாக இருக்க, மரமும் மாடும்தான் மாறிப்போயின. ஆனால் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து மூன்றாம் நாள் எழும் நாற்றத்தை வைத்து அம்மா ஆய்வகத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். பால் வழங்கல் அன்றோடு நிறுத்தப்படுவதால் அதன் முடிவுகள் இன்னும் வெளிவரவில்லை.