ரெண்டு தடவை விடிஞ்சும் ஊர் வரலை

பெர்த்திலிருந்து லண்டனுக்கு இன்று எங்கும் இறங்காமல் பறக்க ஏறக்குறைய 17 மணி நேரம். 2018-ல் இந்தச் சேவை ஆரம்பித்ததிலிருந்து ஒரே புலம்பல்: கால் மரத்துப்போச்சு, காபி ஆறிப்போச்சு. இவர்களையெல்லாம் பிடித்து 1943-க்கு அனுப்ப வேண்டும்.

அதற்கு முந்தைய வருஷம் பிப்ரவரியில், அசைக்கவே முடியாது என்று பிரிட்டன் மார்தட்டிய சிங்கப்பூர் ஜப்பானிடம் போய்விட்டது. கூடவே ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இருந்த ஆகாய வழியும் அறுந்தது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானக் கம்பெனிக்காரர்கள் மேப்பை விரித்தார்கள். அந்தப் பக்கம் பெர்த்தின் ஸ்வான் ஆறு, இந்தப் பக்கம் இலங்கையில் காலிக்கு அருகே கொக்கல ஏரி. நடுவே சுமார் 5,650 கிலோமீட்டர் உப்புத்தண்ணீர். “போயிடலாம்” என்றார்கள். எந்த மகராசன் முதலில் சொன்னானோ!

வாகனம், கேட்டலினா என்ற பறக்கும் படகு. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். வந்தே பாரத் கொஞ்சம் முக்கினால் கூடவே ஓடிவந்துவிடும். சுமார் 9,000 லிட்டர் பெட்ரோலை ரொப்பியதில் மற்றதற்கு இடமில்லை. அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான். ஆளுக்கு 3,000 லிட்டர்! கனம் குறைக்கத் துப்பாக்கிகளையும் கழற்றிவிட்டார்கள். வழியில் ஜப்பான் விமானம் மடக்கினால்? கும்பிடு போட வேண்டியதுதான். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் மக்கர் பண்ணினால் இன்னொன்றால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது. படகு என்று பெயர் வைத்ததன் பொருத்தம் அப்போது விளங்கும்.

ரேடியோவில் வாயே திறக்கக்கூடாது, எதிரி மோப்பம் பிடிப்பான். ஆகவே நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். இருந்த ஐந்து படகுகளுக்கும் நட்சத்திரப் பெயர்கள்தான்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. கடைசி இரண்டும் நம்மூர்க் கேட்டையும் சித்திரையும். இரண்டுமே பயணத்துக்கு ஆகாது என்று பஞ்சாங்கம் தலையில் அடித்துக்கொள்ளும். ஆனால் 1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. பஞ்சாங்கக்காரர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்பது அவர் பாடு.

நேரம்? காற்று மனசு வைத்தால் 27 மணி. வைக்காவிட்டால் 30-ஐத் தாண்டும். ஒரு தடவை 32 மணி 9 நிமிடம். கிளம்பிய பிறகு ஒருமுறை சூரியன் உதிக்கும். பகல் போய், இருட்டு வந்து, மறுபடியும் உதிக்கும். எட்டிப் பார்த்தால் கீழே அதே கடல். இதைச் சகித்த பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ரகசியம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டம் மாட்டும் அழகில் தந்த ரகசியம்.

1944-ல் லிபரேட்டர் விமானங்கள் வந்து அதே கடலைச் சுமார் 17 மணியில் கடந்தன. ஆம், இன்று லண்டனுக்கே ஆகிற அதே 17. கேட்டலினாக்களோ அமெரிக்காவின் போர்க்கடன் ஒப்பந்தத்தில் வந்த சரக்கு. அதன் நிபந்தனைப்படி, போர் முடிந்ததும், ஜப்பானாலும் கேட்டையாலும் மூழ்கடிக்க முடியாத அந்தப் படகுகளைச் சொந்த ஆட்களே கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள்.