தீபாவளிப் பலகாரமும் கிருமித் தட்டும்

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கும் அகாரும் தீபாவளிக்கு நாங்கள் காய்ச்சும் அகார்-அகாரும் ஒன்றா? (ஜாசின் வாசகி)

பதில்: ஒன்றேதான், தாயே! கடற்பாசிச் சரக்கு. உங்களுடையதில் தேங்காய்ப்பால், சீனி. அங்கே இறைச்சிச் சாறு. முன்பு ஜெர்மனியில் கிருமி வளர்க்க ஜெலட்டினோடு மல்லாடினார்கள். கோடையில் உருகும் (மலாக்கா வெயிலென்றால் மத்தியானத்துக்குள் ரசம்தான்). சில கிருமிகள் அதையே தின்று ஏப்பம் விடும். 1881இல் ஆய்வாளர் வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கற்ற அகாரைப் போடச் சொன்னார். இறுகியபின் 85 டிகிரி வரை அசையாது; பெரும்பாலான கிருமிகளுக்குச் செரிக்காது. மறுவருடம் ஹெஸ்ஸே வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமிக் கட்டுரையில் அகாரைச் சொன்னார், அந்த அம்மாவைச் சொல்லவில்லை. அடுப்படிக்கு என்றைக்கு நன்றி கிடைத்தது? இன்னொன்று, ஆய்வுக்கூடத்தில் தட்டைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். மூடியில் கோத்த நீர் சொட்டினால் தனித்தனியாக வளர்ந்த கூட்டமெல்லாம் கலந்துவிடும்.