பெட்டியில 6000, ஓட்டத்துல 4800

ஏலே பேராண்டி, மூஞ்சி ஏம்லே இப்படித் தொங்குது? பொண்ணு வீட்டுக்காரன் வேண்டாம்னுட்டானோன்னு பதறிட்டேன். கடைசியில பாத்தா ரேம் சங்கதி! பெட்டியில 6000னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, வீட்டுல மாட்டி டாஸ்க் மேனேஜரைத் தொறந்தா 4800னு காட்டுது, கடைக்காரன் நாமம் போட்டுட்டான். அதான உன் வழக்கு?

செத்த இரு. சண்டைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டாத. உன் மாமன் கம்ப்யூட்டர் கடை வாசல் பெஞ்சில உக்காந்து தெனமும் பேப்பர் படிக்கிறவன் நான். கண்ணு பேப்பர்ல இருக்கும், காது கடைக்குள்ள இருக்கும். இதே வழக்கைத் தூக்கிக்கிட்டு வந்தவன் எத்தனை பேரு, கத்திட்டு வாலச் சுருட்டிக்கிட்டுப் போனவன் எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். ஃபீஸ் எல்லாம் வேண்டாம், ஒரு கட்டு வெத்தல போதும்.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். 6000த்துல ஓடுன்னு அந்த சிஸ்டத்துக்கிட்ட நீ சொன்னியா? சொல்லலேல்லா? பொறவு அதுக்கு எப்படிலே தெரியும்? பெட்டிய அதா படிச்சுப் பாத்துச்சு? பெட்டியப் படிச்சவன் நீ. அதுவும் முன்பக்கம் மட்டும். கலர் லைட்டு எரியுதான்னு பாத்துட்டு ‘சூப்பர் ரேம்’னு போட்டோ எடுத்துப் போட்டவன்தான நீ.

ரேம் பலகையில கடுகத்தண்டி ஒரு சிப்பு ஒட்டியிருக்கும். எஸ்பிடின்னு பேரு. அந்த ரேமோட சாதகமே அதுக்குள்ளதான் கெடக்கு. அதுல ரெண்டு வகை கணக்கு உண்டு. ஒண்ணு ஜெடெக்னு ஒரு அமைப்பு, தரம் நிர்ணயிக்கிறவங்க, அவங்க வகுத்த வேகம். உன் ரேம் டிடிஆர்5 வகை, அதுக்கு 2020ல விதி எழுதினாங்க. உன் ரேம்ல அந்தக் கணக்குப்படி இருக்கிறது 4800, கரண்டு 1.1 வோல்ட். எந்தப் போர்டுல சொருகினாலும் இந்த வேகத்துல எந்திரிச்சு நிக்கணும். இன்னொண்ணு, ரேம் கம்பெனிக்காரன் தானே சோதிச்சுப் பாத்து ‘இது 6000 வரைக்கும் தாங்கும், ஆனா 1.35 வோல்ட் குடு’ன்னு எழுதி வெச்ச கணக்கு. இன்டெல்காரன் 2007லயே, டிடிஆர்3 காலத்துல, இதுக்கு எக்ஸ்எம்பின்னு பேரு வெச்சான். ஏஎம்டிகாரன் 2022ல ரைசன் 7000 வந்தப்ப எக்ஸ்போன்னு ஒண்ணு கொண்டாந்தான். போர்டு பொறப்புலயே பயந்தாங்கொள்ளி. மொதக் கணக்கத்தான் எடுத்துக்கிடும். ரெண்டாவது வேணும்னா நீதான் பயாஸுக்குள்ள போயி எக்ஸ்போவ ஆன் பண்ணணும்.

பயாஸ்னா பயமா? யூடியூப் பாத்துப் போனை ரூட் பண்ணுதேன்னு உங்க அக்கா போனப் பொணமாக்கினப்ப இந்தப் பயம் எங்கன போச்சு? சிஸ்டம் ஆன் ஆவும்போது டெலிட் பட்டனைத் தட்டிக்கிட்டே இரு. ஒரு போர்டுல எக்ஸ்போன்னு மேலயே பட்டன் இருக்கும். இன்னொண்ணுல எக்ஸ்எம்பின்னு இருக்கும். பழைய ஏஎம்டி போர்டு சிலதுல டிஓசிபின்னு போட்டிருப்பான். எல்லாம் ஒரே சோலிதான். ஆன் பண்ணு, எஃப்10 அமுக்கு, வெளிய வா.

இங்கதான் உங்க கூட்டம் வம்ப வெலைக்கு வாங்கும். நல்லாக் கேட்டுக்கோ. சேவ் பண்ணினதும் திரை கறுத்துப் போவும். ஃபேன் சுத்தும், ஒண்ணும் வராது. போர்டு ஓரத்துல டிராம்னு எழுதின எடத்துல குட்டியா ஒரு லைட்டு, மஞ்சளாவோ ஆரஞ்சாவோ, முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கும். ஒடனே உனக்கு வேர்த்துரும். ‘செத்துப்போச்சு தாத்தா’ன்னு பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்ப. மூதி, அது சாவல, படிக்கு! புது வேகத்துக்கு எந்தக் கம்பியில எவ்வளவு தாமசம், எந்த வோல்ட்டுல சிக்னல் தெளிவா வருதுன்னு போர்டு ஒவ்வொண்ணா அளந்து பாக்கு. மெமரி டிரெய்னிங்னு பேரு. டிடிஆர்5ல, அதுலயும் ஏஎம்5 போர்டுல, மொதத் தடவ சில நிமிஷம் புடிக்கும். ரேம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். நடுவுல தானே அணைஞ்சு தானே எந்திரிக்கவும் செய்யும். நீ பாதியில கரண்ட நிறுத்தினா திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். அதனால பட்டனை அமுக்கிட்டு அடுக்களைக்குப் போயி உங்க ஆத்தாகிட்ட ஒரு காப்பி போடச் சொல்லு. குடிச்சு முடிச்சு, டம்ளரயும் கழுவி வெச்சுட்டு வா. நீ டம்ளர் கழுவினதப் பாத்து உங்க ஆத்தா இந்த எக்ஸ்போவுக்குக் கோயில்ல தேங்காய் ஒடைப்பா.

அரை மணி நேரமாகியும் லைட்டு அப்படியே நிக்குன்னா அப்ப சந்தேகப்படு. பல போர்டு தானே தோத்துப்போயி பழைய வேகத்துக்குத் திரும்பிரும். திரும்பலன்னா மெயின் பிளக்கப் புடுங்கிட்டு கிளியர் சிமாஸ் பின்னு ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவரால கொஞ்ச நேரம் தொட்டு வை. இல்லன்னா போர்டுல இருக்கிற 2032 பட்டன் செல்லக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டு. எல்லாம் பழையபடிக்கு வந்துரும்.

இன்னொரு கூத்து சொல்லுதேன். போன மழைக்கு ஒருத்தன் வந்தான். எக்ஸ்போ போட்டுட்டேன், அப்பவும் 3000ந்தான் காட்டுது, பாதிய முழுங்கிட்டீங்கன்னு உன் மாமன் சட்டையப் புடிக்காத கொற. பாத்தா சிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர்ல பாத்திருக்கான். டிடிஆர்னாலே ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவ டேட்டா கைமாத்துற வித்தை. துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ், கைமாத்துறது 6000. சிபியு-இசட் துடிப்பக் காட்டும், பெட்டிக்காரன் கைமாத்துறதப் போடுவான். பெருக்கல் வாய்ப்பாடு மறந்தவன் எல்லாம் ரேம் வாங்க வந்தா கடைக்காரன் என்னலே செய்வான்?

சரி, எந்த ஸ்லாட்டுல சொருகினேன்னு சொல்லு. கண்ணுல பட்ட மொத ரெண்டுலயா? நெனச்சேன். நாலு ஸ்லாட் இருக்கிற போர்டுல ரெண்டு ரேம்னா, ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது. போர்டுலயே ஏ2, பி2ன்னு எழுதியிருப்பான், நீதான் லைட்டப் பாத்தியே ஒழிய எழுத்தப் பாக்கல. பெரும்பாலான போர்டுல கம்பித் தடம் அந்த ரெண்டுலதான் போயி முடியுது. கிட்டக்க இருக்கிறதுல சொருகினா மிச்சத் தடம் சும்மா நீட்டிக்கிட்டு நின்னு சிக்னலைத் திருப்பி அடிக்கும். 4800ல அது தெரியாது. 6000த்துல பல்லக் காட்டிரும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுல போட்டா ரெண்டும் ஒரே சேனல்ல போயி விழும், இருக்கிற அகலமும் பாதியாப் போவும்.

ஆசை அதோட நிக்குதா? ‘ரெண்டு ஸ்லாட் காலியா கெடக்கே தாத்தா, நல்லாவா இருக்கு’ன்னு இன்னும் ரெண்டு வாங்கிச் சொருகணும்பியே? உன் ரைசன் 7600க்கு ஏஎம்டிகாரன் எழுத்துல குடுத்த வேகம் தெரியுமா? ரெண்டு ரேம் போட்டா 5200. நாலு போட்டா 3600. ஆமாலே, 3600. அழகுக்கு நாலு போட்டுட்டு, 6000 வரலன்னு அழுதவன் ரொம்பப் பேரு. சிலது நாலு போட்டும் கூட ஓடத்தான் செய்யும், அது அவன் குடுத்து வெச்சது. நெறையா வேணும்னா ரெண்டு பெரிய பலகையா வாங்கு. 16 ஜிபில நாலுக்குப் பதிலா 32 ஜிபில ரெண்டு.

அதுலயும் பழைய 5200 ஒண்ணு, புது 6000 ஒண்ணுன்னு கலந்து கட்டுவியளே, அதுதான் எனக்குப் புரியாத சங்கதி. மாட்டு வண்டிப் பந்தயத்துல ஒரு பக்கம் துள்ளுற காளை, மறுபக்கம் நொண்டி மாட்டப் பூட்டுனா வண்டி எது வேகத்துல போவும்? நொண்டி வேகத்துலதான். ஒரே கம்பெனி, ஒரே நம்பர்னாலும் ஆறு மாசம் கழிச்சு வாங்கினா உள்ள சிப்பு வேற சாதியா இருக்கலாம். ஜோடியா ஒரே பெட்டியில வித்தா ஜோடியாத்தான் வாங்கணும்.

இன்னொண்ணையும் காதுல வாங்கிக்கோ. பெட்டியில இருக்கிற 6000 ரேம்காரன் வாக்கு. ப்ராசஸர்காரன் அதுல கையெழுத்துப் போடல. நான் சொன்ன 5200க்கு மேல போனா ஏஎம்டி கண்ணுல அது ஓவர்கிளாக். எக்ஸ்போன்னு பேரு வெச்சவனும் அவனே, அதனால வாரண்டி போவலாம்னு பொடி எழுத்துல எழுதினவனும் அவனே. 6000ந்தான் இந்த ப்ராசஸருக்கு நல்லாப் பொருந்துற வேகம்னு சொன்னதும் அவனேதான். வெவரமான பயலுவ. ஆனா ரெண்டு பலகை, 6000ன்னா பெரும்பாலும் தாங்கும். 7200, 8000னு பேராசைப்பட்டாத்தான் சனி.

உன் சித்தப்பன் மவன் கேஸு வேற. பத்தாந்தலைமுறை ஐ5-10400, பி460 போர்டு, 3200 ரேம். எக்ஸ்எம்பி போட்டுப் பாத்தான், பயாஸ மாத்திப் பாத்தான், 2666ஐ விட்டு நகரல. நகராது! அந்த போர்டு வகையில இன்டெல் வெச்ச பூட்டு அது; ப்ராசஸருக்கு எழுதின வேகத்தத் தாண்ட விடாது. 2021ல பி560 வந்தப்பத்தான் அந்தப் பூட்டத் தொறந்து விட்டான். இவனா, ரப்பர எடுத்து ரேமோட தங்கக் காலைத் தேய் தேய்னு தேய்க்கான். தேய்ச்சா டிஸ்ப்ளே வராத சிஸ்டம் வரும், அழுக்கு போவும். 2666 போயி 3200 வராது. லேப்டாப்காரனுக்கும் இதேதான்: அநேக லேப்டாப்புல எக்ஸ்எம்பின்னு ஒரு எடமே கெடையாது. தயாரிச்சவன் விட்ட வேகம்தான், தலைகீழா நின்னாலும்.

இப்ப உன் விஷயத்துக்கு வா. எக்ஸ்போ போட்ட, 6000 வந்துச்சு, குதிச்ச. ரெண்டு நாள் கழிச்சு நீலத் திரை வருதுன்னு வெச்சுக்கோ. கேம் பாதியில வெளிய தள்ளும், டவுன்லோடு பண்ணின ஜிப் ஃபைல் தொறக்காது. அப்ப விண்டோஸக் கொற சொல்லி ஃபார்மேட் அடிக்க வேண்டாம். பயாஸ் பழசான்னு பாரு. டிடிஆர்5 போர்டுகளுக்கு வந்த அப்டேட்ல நெறைய இந்த மெமரி ஒட்டுக்குத்தான். 2023ல ரைசன் எக்ஸ்3டி ப்ராசஸர் சிலது கருகிப்போச்சு. அதுக்குப் பொறவு எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டக் கூடாதுன்னு அப்டேட்லயே கடிவாளம் போட்டான் ஏஎம்டி. அதனால அந்தப் பழைய பயாஸ வெச்சுக்கிட்டு எக்ஸ்போ போடுறதே தப்பு. ஆனா அப்டேட் போடுற அன்னைக்கு யூபிஎஸ்ல போடு. நம்ம ஊரு லைன்மேன் நல்ல மனுசன்தான், உன் பயாஸ் பாதியில நிக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பவும் தடுமாறினா 5800க்கு எறக்கு. இல்லன்னா 5600. மத்ததத் தொடாத. கௌரவம் பாக்காதலே, டாஸ்க் மேனேஜரை எட்டிப் பாத்துப் பொண்ணு குடுக்குறவன் எவனும் இல்ல. எறக்கினதும் பென் டிரைவ்ல ரேமச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடு. காலையில ஒரே ஒரு தப்பு சிவப்புல இருந்தாலும் தப்புதான். ‘ஒண்ணுதான’ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டா அந்த ஒண்ணு உன் கல்யாண போட்டோ ஃபைல்லதான் போயி உக்காரும்.

இதனால என்ன லாபம்னு கேக்க மாட்டியா? கேளு, நானே கணக்குப் போட்டுச் சொல்லுதேன். சிஎல்னு ரேமுக்கு ஒரு தாமச எண்ணு உண்டு, அத 2000ஆல பெருக்கி வேகத்தால வகு. 4800ல சிஎல் 40ன்னா பதினாறே முக்கால் நானோ செகண்டுக்குக் கிட்ட. 6000த்துல சிஎல் 30ன்னா பத்து. கேம்ல, அதுலயும் ப்ராசஸர் மூச்சு வாங்குற கேம்ல, அது தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவனுக்கு இன்னும் நல்லாவே தெரியும். டேலி போடுறவனுக்கும், சீரியல் பாக்குறவனுக்கும், எக்ஸெல்ல வட்டிக் கணக்கு எழுதுறவனுக்கும் ஒரு மண்ணும் தெரியாது. அதே மாதிரி 5600க்கும் 6000த்துக்கும் உள்ள வித்தியாசத்தக் கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்லுதவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வா, அவனுக்கு நான் வெத்தல வாங்கிக் குடுக்கேன்.

எல்லாம் செஞ்சும், பயாஸ் புதுசு, ஸ்லாட் சரி, ரெண்டே பலகை, வெறும் 4800லயே மெம்டெஸ்ட் தப்புக் காட்டுதுன்னு வெச்சுக்கோ. அப்பத்தான் உன் மாமன் சட்டையப் புடிக்க உனக்கு உரிமை. ஒவ்வொரு பலகையாத் தனித்தனியாப் போட்டுச் சோதிச்சு, எதுல தப்புன்னு எழுதிக்கிட்டு வா. ஒண்ணுதான் கெட்டிருந்தாலும் ஜோடியாவே கொண்டா; ஜோடியா வித்தத ஜோடியாத்தான் மாத்திக் குடுப்பான். பில்லு முக்கியம்லே. தூக்கிப் போட்டுட்டேன்னு மட்டும் சொல்லிராத.